மருத்துவர் பதில்: பிள்ளையைத் தூக்கப் பயப்படும் ஓர் அம்மாவுக்கு

கேள்வி: எனக்கு 31 வயது. ஐந்து மாதத்துக்கு முன் மூளையின் இடது முன்பக்கத்தில் இருந்த மெனிஞ்சியோமா கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கிரேடு 1, புற்றுநோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. பையனுக்கு மூன்று வயது. தையல் போட்ட இடம் மரத்துக் கிடக்கிறது, ‘டிக்’கென்று சத்தம் கேட்கிறது. செல்போனால் வந்த கட்டியா? பையனுக்கும் வருமா? வலிப்பு வராமல் இருக்கக் கொடுத்த லெவெடிராசெட்டம் மாத்திரை போட்டதிலிருந்து பையன் மேல் எரிந்து எரிந்து விழுகிறேன். அதனால் மூன்று வாரமாக இரவு மாத்திரையை நிறுத்திவிட்டேன். தலைவலிக்கு யூகலிப்டஸ் தைலம் தேய்க்கிறேன். சில நாளாகக் காலையில் பையனுக்குப் பால் ஆற்றும்போது வலது கட்டை விரல் தானாகத் துடிக்கிறது. அந்த ஒரு நிமிடம் வாயில் வார்த்தை வருவதில்லை. நரம்புத் தளர்ச்சி என்று டானிக் குடிக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் கருத்தடை ஊசி போட்டுக்கொள்ளலாமா? பையனை ஸ்கூட்டியில் பள்ளிக்கு நான்தான் கொண்டு விடுகிறேன். ஆனால் வீட்டில் அவனைத் தூக்கவே பயமாக இருக்கிறது.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இரவு மாத்திரையை இன்றைக்கே திரும்ப ஆரம்பித்துவிடுங்கள், டாக்டர் எழுதிக் கொடுத்த அதே அளவில். நாளைக்கே உங்களுக்கு ஆபரேஷன் செய்த டாக்டரையோ ஒரு நரம்பியல் மருத்துவரையோ நேரில் பாருங்கள். டானிக் வேண்டாம். நரம்புத் தளர்ச்சி என்ற பெயரைச் சொல்லி மருந்துக்கடையில் எதை வாங்கிக் குடித்தாலும் இது நிற்காது.

கட்டை விரல் துடிப்பதும் அதே நேரம் பேச்சு நிற்பதும் வலிப்பு. கை கால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளினால்தான் வலிப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். மூளையில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் மின் ஓட்டம் தாறுமாறாகப் போனால், அந்த இடம் எந்த உறுப்பை ஆள்கிறதோ அது மட்டும் துடிக்கும். நினைவு தப்பாது. நடப்பதெல்லாம் தெரியும், ஆனால் நிறுத்த முடியாது. அதனால்தான் இதை வலிப்பு என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை; அசதி, சத்துக் குறைவு, தூக்கமின்மை என்று ஏதாவது ஒரு பெயர் வைத்து நாளைக் கடத்திவிடுகிறார்கள்.

உங்களுக்குக் கத்தி வைத்தது இடது முன்பக்கத்தில். உடம்பின் வலது பக்கத்தை ஆள்வது இடது மூளை. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அங்கேதான். கையும் முகமும் பேச்சும் அதில் அக்கம்பக்கத்து வீடுகள் மாதிரி. 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் இருந்த ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற மருத்துவர், துடிப்பு விரலில் தொடங்கிக் கை, முகம் என்று வரிசையாக ஏறுவதைக் கவனித்தார். மூளையில் உறுப்புகளுக்குத் தனித்தனி இடம் உண்டு என்று ஸ்கேன் இல்லாத காலத்திலேயே அதை வைத்துக் கணித்தார். இந்த வகை வலிப்புக்கு இன்றும் அவர் பெயர்தான். அந்த வரிசை ஏறிக்கொண்டே போய் மூளை முழுவதும் பரவினால், நினைவு தப்பிக் கீழே விழும் பெரிய வலிப்பாகிவிடும். உங்களுக்கு இன்னும் விரலோடும் பேச்சோடும் நிற்கிறது. அது அங்கேயே நிற்கும்போது பிடித்துவிட வேண்டும் என்பதற்குத்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

ஏன் காலையில் மட்டும் வருகிறது? லெவெடிராசெட்டம் உடம்பில் ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும். அதனால்தான் இரண்டு வேளை. இரவு மாத்திரையை விட்டுவிட்டால், விடியும்போது ரத்தத்தில் மருந்து மிகக் குறைவாகத்தான் இருக்கும். நீங்கள் பால் ஆற்றுவது சரியாக அந்த நேரம். இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. கட்டி திரும்ப வந்துவிட்டதோ என்று நீங்கள் பயந்திருப்பீர்கள், எழுதவில்லை என்றாலும் எனக்குப் புரிகிறது. முழுமையாக எடுத்த கிரேடு 1 மெனிஞ்சியோமா ஐந்து மாதத்தில் வளர்ந்து வந்து நிற்பது வழக்கமில்லை. ஆபரேஷன் நடந்த இடத்தின் தழும்பும், விட்டுப்போன மாத்திரையும் போதும், இந்தத் துடிப்பு வர. டாக்டர் ஒரு ஸ்கேன் கேட்கலாம். எடுத்துக்கொள்ளுங்கள், அதைக் கெட்ட சகுனமாக நினைக்க வேண்டாம். முடிந்தால் அடுத்த முறை துடிக்கும்போது வீட்டில் யாரையாவது போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். டாக்டருக்கு நீங்கள் பத்து நிமிடம் சொல்லி விளக்குவதைவிட அந்த அரை நிமிடக் காட்சி உதவும்.

துடிப்பு முழங்கை தாண்டி ஏறினால், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால், நினைவு தப்பினால், அல்லது துடிப்பு நின்ற பிறகும் கையில் பலம் வராமலோ பேச்சு திரும்பாமலோ இருந்தால், நாளை வரை காத்திருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள்.

சரி, கோபத்துக்கு வருவோம். உங்களை நீங்களே மோசமான அம்மா என்று முடிவு செய்துதான் மாத்திரையை நிறுத்தியிருக்கிறீர்கள். லெவெடிராசெட்டம் சிலருக்கு அடக்க முடியாத எரிச்சலைக் கொடுக்கும். நாங்கள் அடிக்கடி பார்க்கிற பக்க விளைவு அது. ஆரம்பிக்கும்போதே உங்களிடமும் உங்கள் கணவரிடமும் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லாமல் விட்டிருந்தால் தப்பு எங்கள் பக்கம். என்னிடம் வந்த ஒரு அம்மா, பிள்ளை தண்ணீர் பாட்டிலைக் கொட்டிவிட்டதற்குக் கையை ஓங்கிவிட்டார். அடிக்கவில்லை. ஓங்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு, அது யாருடைய கை என்பதுபோலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளை மேசைக்கு அடியில் போய்விட்டது. அந்த மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து வேறொன்றுக்கு மாற்றினோம். அடுத்த மாதம் வந்தபோது பிள்ளை அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

மாற்று மருந்துகள் பல இருக்கின்றன. ஆனால் ஒன்றை ஏற்றிக்கொண்டே இன்னொன்றை இறக்க வேண்டும், அதை டாக்டர்தான் செய்ய வேண்டும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலே வலிப்பு வரும். நாளை அவரிடம் இதையே முதலில் சொல்லுங்கள்: “எரிச்சல் தாங்க முடியாமல் இரவு மாத்திரையை மூன்று வாரமாக விட்டுவிட்டேன்.” திட்டுவார் என்று மறைக்காதீர்கள். மறைத்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார், எரிச்சலும் கூடும். இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். வால்புரோயேட் போன்ற சில வலிப்பு மருந்துகள் கருவில் உள்ள குழந்தைக்குக் கெடுதல், அவற்றைத் தவிர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். எரிச்சலோடு, வாழவே பிடிக்கவில்லை என்று ஒரு முறை தோன்றினாலும் அன்றைக்கே கணவரிடமும் டாக்டரிடமும் சொல்லிவிட வேண்டும். அதுவும் மருந்தின் வேலையாக இருக்கலாம்.

மற்றவற்றில் பெரும்பாலானதை நீங்கள் மறந்துவிடலாம். தையலைச் சுற்றி மரத்துப் போனது, தோலோடு போகும் சின்ன நரம்புகள் வெட்டுப்பட்டதால். கொஞ்சம் திரும்பும், கொஞ்சம் அப்படியே இருக்கும், இரண்டாலும் கெடுதல் இல்லை. திறந்து எடுத்த எலும்பைப் பெரும்பாலும் சிறிய டைட்டானியம் தகடுகளால் பொருத்தி மூடுவார்கள். எலும்பு கூடும்வரை ‘டிக்’கென்று கேட்பது உண்டு. தையல் இடம் சிவந்து வீங்கினாலோ நீர் கசிந்தாலோ காட்டுங்கள், மற்றபடி விடுங்கள். செல்போன்? உலக சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்யப்பட்ட ஆய்வுத் தொகுப்பு 2024இல் வந்தது, 63 ஆய்வுகளை அலசிவிட்டு மூளைக் கட்டிக்கும் செல்போனுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றுதான் சொன்னது. பையனுக்கு வருமா என்றால், மெனிஞ்சியோமா பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. பல கட்டிகள் சேர்ந்து வரும் அரிய பரம்பரை நோய் ஒன்று உண்டு. அந்தச் சந்தேகம் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே உங்கள் டாக்டர் குடும்பத்தைப் பற்றித் துருவிக் கேட்டிருப்பார். இதற்காக ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீடியோ பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உங்களுக்கு இப்போது அந்த நேரத்தில் தேவை தூக்கம்.

தைலத்தை மட்டும் அப்படி விட முடியாது. யூகலிப்டஸ், கற்பூரம் கலந்த தைலங்களால் வலிப்பு தூண்டப்படுவதைத் தென்னிந்தியாவிலேயே நரம்பியல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நெற்றியில் தேய்ப்பது, ஆவி பிடிப்பது எல்லாம் அதில் சேர்த்தி. பையனுக்குச் சளி பிடித்தால் தேய்க்கும் தைலத்தையும் பாருங்கள், உங்கள் கைதான் அதில் படும், உங்கள் மூக்குதான் பக்கத்தில் இருக்கும். வீட்டைவிட்டே எடுத்துவிடுங்கள். தலைவலிக்கு எந்த மாத்திரை, எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாளுக்கு நாள் கூடுகிற தலைவலி, அதோடு வாந்தி என்றால் உடனே ஆஸ்பத்திரி.

கருத்தடை ஊசி வேண்டாம். இதைக் கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தது நல்லதாகப் போயிற்று. அரசு ஆஸ்பத்திரிகளில் ‘அந்தரா’ என்ற பெயரில் போடும் அந்த மூன்று மாத ஊசியில் இருப்பது மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். அதை ஒரு வருடத்துக்கு மேல் போட்டுக்கொண்ட பெண்களுக்கு, ஆபரேஷன் தேவைப்படும் அளவுக்கு மெனிஞ்சியோமா வரும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் அதிகம் என்று 2024இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. மற்ற பெண்கள் இதைப் படித்துவிட்டுப் பதற வேண்டாம். மெனிஞ்சியோமாவே அரிதானது, அரிதானது ஐந்து மடங்கானாலும் அரிதுதான். ஆனால் ஏற்கெனவே அந்தக் கட்டி வந்த உங்களுக்கு அது பொருந்தாது. ஹார்மோன் இல்லாத காப்பர்-டி இருக்கிறது, ஆணுறை இருக்கிறது. மகப்பேறு மருத்துவரிடம் போகும்போது ஆபரேஷன் ரிப்போர்ட்டைக் கையில் கொண்டுபோங்கள்.

இப்போது கடைசி வரி. பையனைத் தூக்கப் பயப்படுகிறீர்கள். கடிதம் எழுத வைத்ததே அந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன். பையனுக்கு நீங்கள் ஆபத்தானவர் இல்லை. ஆனால் இந்தத் துடிப்பு அடங்கும்வரை, நின்றபடி, தண்ணீரோடு, நெருப்போடு அவனை வைத்துக்கொண்டு தனியாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான் வித்தியாசம். தரையில் பாய் விரித்து உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள், ஊட்டுங்கள், கதை சொல்லுங்கள், பக்கத்தில் படுக்க வையுங்கள். மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள், கையைப் பிடித்து நடக்க வையுங்கள். மூன்று வயதுப் பையன் நடப்பான். அவனைக் குளிப்பாட்டுவது வேறு யாராவது வீட்டில் இருக்கும்போது மட்டும். நீங்கள் குளிக்கும்போது உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம். பாலைக் கொஞ்ச நாள் உங்கள் கணவர் ஆற்றட்டும், அவர் கையிலும் பால் ஆறும்.

இரவில் பையன் எழுந்து அழுதால் யார் எழுவது? தூக்கம் கெடுவது வலிப்பைக் கிளப்பிவிடும் முக்கியக் காரணங்களில் ஒன்று. ஆகவே ராத்திரிப் பொறுப்பு அவனுடைய அப்பாவுக்கோ பாட்டிக்கோ. இதை உதவியாகக் கேட்காதீர்கள், மாத்திரைச் சீட்டில் எழுதிய மாதிரி சொல்லுங்கள். பட்டினி விரதமும் இப்போதைக்கு வேண்டாம், விரத நாளில் மாத்திரையும் விட்டுப்போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒன்று. பெரிய வலிப்பு வந்தால் சாவிக்கொத்தையும் இரும்பையும் தேடி ஓடாதீர்கள். வாயில் கரண்டியோ துணியோ திணிக்காதீர்கள், பல் உடையும், மூச்சு அடைக்கும். பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. பையனுக்குப் போனில் அப்பாவின் படத்தைத் தொட்டால் அவர் பேசுவார் என்று விளையாட்டாகப் பழக்கி வையுங்கள். அம்மாவுக்குத் தலையில் ஒரு கட்டி இருந்தது, டாக்டர் எடுத்துவிட்டார், இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது என்று அவனுக்குச் சொல்லுங்கள். தழும்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் தொடட்டும், அதனால் எதுவும் ஆகாது. நீங்கள் கோபப்பட்டது அவன் குறும்பால் இல்லை, மாத்திரையால் என்பதையும் அவனுக்குப் புரியும் வார்த்தையில் சொல்லுங்கள். இந்த வயதில் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் தாங்கள்தான் காரணம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஸ்கூட்டி பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் தூக்கத்தைக் கெடுக்கும். வலது கைதான் ஆக்சிலேட்டரும் முன் பிரேக்கும். துடிப்பது அதே கை, வருவது பள்ளிக்குக் கிளம்புகிற அதே காலை நேரம், முன்னால் நிற்பது உங்கள் பிள்ளை. ஓட்டுநர் உரிமத்துக்குக் கையெழுத்துப் போடும் படிவத்திலேயே வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது, காரணமில்லாமல் வைக்கவில்லை. மறுபடியும் ஓட்டலாமா, எப்போது என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை சாவியைக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போங்கள், பையனையும் கூட்டிக்கொண்டு, அவன் உங்கள் மடியில், பக்கத்தில் இன்னொருவர்.