ஒரே நாளில் ஊசி போட்டும் எல்லா ஆடுகளும் பருவத்துக்கு வரவில்லையே?

கேள்வி: 20 மேச்சேரி இனச் செம்மறிப் பெட்டை ஆடுகள் வைத்திருக்கிறேன். எல்லாம் ஒரே சமயத்தில் குட்டி போடட்டும் என்று ஒரே நாளில் பருவத்தை வரவழைக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டோம். 12 ஆடுகள்தான் கிடாவுக்கு நின்றன. மற்றவை மலடா? விற்றுவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு விற்காதீர்கள். ஒரே ஊசிக்கு 20-ல் 12 வந்ததே சரியான கணக்குதான்.

செம்மறிக்குச் சுமார் 17 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். அதற்குமுன் சினைப்பையில் ஒரு நீர்க்கொப்புளம் வளர்கிறது. முற்றியது 6, 7 மில்லிமீட்டர் இருக்கும். அதன் சுவரின் வெளியடுக்கு ஆண் ஹார்மோனைத் தயாரித்துக் கொடுக்க, உள்ளடுக்கு அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. இந்த ஈஸ்ட்ரோஜன் ஏறினால்தான் ஆடு கிடாவுக்கு நிற்கும், அதுவும் ஒன்று, ஒன்றரை நாள்தான்.

கொப்புளம் வெடித்து முட்டை வெளியேறியதும் அதே செல்கள் உருமாறி இளஞ்சிவப்புக் கட்டியாகின்றன. 'கார்பஸ் லூட்டியம்' என்று டாக்டர் சொல்வது இதைத்தான். இது சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இருக்கும்வரை ஆடு கிடாவைத் திரும்பியும் பார்க்காது. சினை பிடிக்காவிட்டால் 14-ஆம் நாள் வாக்கில் கருப்பையே புரோஸ்டாகிளாண்டினைச் சுரந்து கட்டியைக் கரைத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், கட்டி சுரக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனும் கருப்பையை அதற்குத் தூண்டிவிடுகிறது!

உங்கள் ஊசி செய்ததும் இதே வேலைதான். ஆனால் கரைக்கக் கட்டி வேண்டுமே! பருவம் முடிந்து நாலைந்து நாளே ஆன ஆட்டில் இளங்கட்டி ஊசிக்கு மசியாது. மெலிந்த ஆடு, பால் கொடுக்கும் ஆடு சிலவற்றில் சினைப்பையே ஓய்ந்திருக்கும். அங்கே கட்டியே இராது.

சரி, இனி என்ன செய்வது? முதல் ஊசியிலிருந்து 9 முதல் 11 நாளுக்குள், நிற்காத ஆடுகளுக்கு மட்டும் இரண்டாவது ஊசி போடச் சொல்லுங்கள். இடையில் தானாகப் பருவத்துக்கு வந்து கிடாவோடு சேர்ந்த ஆட்டுக்கும் போடக்கூடாது. செம்மறியில் சினையின் முதல் 50 நாளாவது அந்தக் கட்டியை நம்பித்தான் கரு நிற்கிறது. ஊசி பட்டால் கலைந்துவிடக்கூடும். எது சேர்ந்தது என்று தெரிய, செங்காவியை எண்ணெயில் குழைத்துக் கிடாவின் நெஞ்சில் தடவி விடுங்கள். பெட்டையின் பின்புறம் சிவந்திருந்தால் சேர்ந்துவிட்டது.

இரண்டாம் ஊசிக்கும் அசையாத ஆடுகளுக்கு முதலில் அடர்தீவனம் கொடுத்து உடம்பைத் தேற்றுங்கள். அப்புறம் பிறப்புறுப்புக்குள் 12 முதல் 14 நாள் வைத்து எடுக்கும் புரோஜெஸ்டிரோன் ஸ்பாஞ்ச் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். இன்னொன்று: கர்ப்பிணிகளும் ஆஸ்துமாக்காரர்களும் இந்த ஊசி மருந்தைத் தொடவே வேண்டாம், தோல் வழியாகவே உள்ளே போய்விடும்.