பேஸ் கிட்டார்: எங்கே தொடங்குவது? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

மாட்டுங்காவில் வளர்ந்தவள், இப்போது செம்பூர். சிறுவயதில் கொஞ்சம் கர்நாடக சங்கீதம் கற்றேன். நாற்பதை நெருங்கும்போது பேஸ் கிட்டார் மேல் ஆசை வந்து, தோபி தலாவ் போய் ஒன்று வாங்கியும் விட்டேன். முதலில் ஒரு வருடம் சாதாரண கிட்டார் படியுங்கள் என்கிறார்கள். கை சிறியது, விரல் எட்டவில்லை. யூடியூபில் கட்டைவிரலால் தந்தியை அறைந்து வாசிக்கும் வேகத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. எப்படித் தொடங்குவது?

வாசகி, செம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

நேராகப் பேஸிலேயே தொடங்குங்கள். கிட்டாரில் விரல்கள் கார்டு (பல ஸ்வரங்களின் கூட்டொலி) பிடிக்கப் பழகும். பேஸில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான்.

விரல் எட்டாததற்கு உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். வழக்கமான பேஸில் தந்தியின் நீளம் 34 அங்குலம். முதல் ஃப்ரெட் (கழுத்தில் உலோகக் கம்பிகளுக்கு இடைப்பட்ட கட்டம்) மட்டுமே கிட்டத்தட்ட 2 அங்குல அகலம். ஐந்தாவதைத் தாண்டினால் ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவு. முதலில் அங்கே பழகுங்கள். பிறகு முதல் ஃப்ரெட் பக்கம் வரும்போது, டபுள் பேஸ் (நின்று வாசிக்கும் பெரிய வயலின் போன்ற கருவி) வாசிப்பவர்களின் வழி நல்லது: ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் மூன்றையும் அடுத்தடுத்த மூன்று ஃப்ரெட்டில் வையுங்கள், மோதிரவிரல் சுண்டுவிரலுக்குத் துணை.

அறைந்து வாசிப்பது இப்போது வேண்டாம். மோடவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்துப் பாடல்களின் புகழ்பெற்ற பேஸ் வரிகளை ஜேம்ஸ் ஜேமர்சன் வலக்கை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார்.

தாளம் போட்டுப் பாடியவர் நீங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்தது. மெட்ரோநோமை (சீராகத் தட்டிக் காலம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்துக்கும் ஸட்ஜத்தை மட்டும் வாசியுங்கள். ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, ஒவ்வொரு ஸ்வரத்தையும் அடுத்தது வரும்வரை நீட்டுங்கள். அடுத்த ஆவர்த்தனத்தில் பாதி அட்சரத்திலேயே நிறுத்துங்கள். இடக்கை விரலைத் தந்தியிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் போதும். ஒரே ஸ்வரம், போக்கே மாறிவிடும்! ஸ்வரத்தைத் தொடங்க எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள். அதை முடிக்கத் தெரிந்தவரே பேஸ் வாசிப்பவர் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மீட்டாத தடித்த தந்தியும் கூடவே முனகும். வலக்கைக் கட்டைவிரலை அதன்மேல் சாய்த்து வையுங்கள். இது கைவந்தபின் சரளி வரிசையை மூன்று காலத்திலும் வாசிக்கலாம்.

பேஸைப் போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். தடித்த தந்தியின் அடிநாதம் 41 ஹெர்ட்ஸ்; அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது வராது. ஹெட்ஃபோனில் ஒரு இளையராஜா பாடலைப் போட்டு, பாடகரை விட்டுவிட்டுப் பேஸை மட்டும் தொடருங்கள். பல இடங்களில் அதுவே தனிப் பாட்டாக ஓடும். அந்த வரியை முதலில் வாயால் பாடுங்கள், பிறகு விரலில் தேடுங்கள்.

மும்பை ஈரக்காற்றில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.