கோயில் ஏன் கொலையை விசாரிக்கிறது? தாங் காலத் துப்பறியும் தொடர்களைப் பார்ப்பது எப்படி

கேள்வி: நானும் அம்மாவும் சேர்ந்து ஒரு சீனத் தொடர் பார்க்க ஆரம்பித்தோம். தாங் வம்சத்து அரண்மனை. குடும்பத்தை இழந்து பணிப்பெண்ணாக வந்த ஒருத்தி, அங்கே நடக்கும் கொலைகளைத் துப்பறிகிறாள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நான்காம் எபிசோடோடு நிறுத்திவிட்டோம். சப்டைட்டிலில் 'டாலி கோயில்' கொலையை விசாரிப்பதாக வருகிறது. யாருக்கு யார் மேலதிகாரி என்றே தெரியவில்லை. அந்தக் காலத்தில் ஒரு பெண் இப்படி விசாரித்திருக்க முடியுமா? வெள்ளி ஊசி கறுத்தால் விஷம் என்பது உண்மையா? கதை புரிய என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

பதில்: முதலில் அந்தக் 'கோயில்' குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். சீனத்தில் 'சி' என்ற சொல்லுக்கு ஆதிப் பொருள் அரசு அலுவலகம். பௌத்த விகாரைகளுக்கு அந்தப் பெயர் பிற்பாடுதான் வந்தது. சப்டைட்டில் எழுதுபவர்கள் பிந்திய பொருளை எடுத்துக்கொள்வதால் நீதிமன்றம் கோயிலாகிவிடுகிறது. 'டாலி கோயில்' என்று வரும் இடத்திலெல்லாம் 'தலைமை நீதிமன்றம்' என்று மனதுக்குள் மாற்றி வாசியுங்கள். அதன் தலைவர் 'சிங்', துணைத்தலைவர் 'ஷாவோசிங்'. இந்தத் தொடர்களில் நாயகிக்குத் துணை வரும் இளம் அதிகாரி பல சமயம் இந்த ஷாவோசிங்தான்.

அதோடு இன்னும் இரண்டு அலுவலகங்களைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். டாலி சி தலைநகரின் பெரிய வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பு எழுதும். 'ஷிங்பு' என்ற நீதி அமைச்சகம் தீர்ப்புகளைச் சரிபார்க்கும். 'யூஷிதாய்' அதிகாரிகளையே கண்காணித்துக் குற்றம்சாட்டும். மிகப் பெரிய வழக்கு என்றால் மூன்றும் சேர்ந்து உட்காரும். திரையில் மூன்று அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்து விசாரித்தால், விஷயம் பேரரசர் காதுவரை போய்விட்டது என்று அர்த்தம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் நான்காம் எபிசோடில் நின்றதற்கு, 'கொலை செய்தது யார்' என்று தேடிக்கொண்டே பார்த்தது காரணமாக இருக்கலாம். அரண்மனைக் கதைகளில் அது பாதிதான். மீதிப் பாதி, அதைக் கேட்கும் உரிமை யாருக்கு என்பது. கொலையாளி யார் என்று நாயகிக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். அதை எந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் போய், யாரிடம், எந்த முறையில் சொல்வது என்பதில்தான் கதை ஓடுகிறது.

கதவு என்று சும்மா சொல்லவில்லை. தாங் சட்டத்தொகுப்பு 653-இல் எழுதப்பட்ட உரையோடு இன்றும் முழுதாகக் கிடைக்கிறது, 502 பிரிவுகள். அதில் அரண்மனை வாசல்களுக்கே தனிக் கணக்கு உண்டு. அனுமதியில்லாமல் வெளி அரண்மனை வாசலைத் தாண்டினால் 2 ஆண்டு கட்டாய உழைப்பு. உள்ளே மண்டப வாசல் என்றால் இரண்டரை ஆண்டு. பேரரசரின் உள்ளறை வாசலைத் தாண்டினால் கழுத்தை நெரித்துக் கொல்லும் தண்டனை. கையில் ஆயுதம் இருந்தால் தண்டனை இன்னும் ஏறும். தடயத்தைத் தேடி நாயகி ஒரு வாசலைத் தாண்டும்போது இயக்குநர் ஏன் அவ்வளவு நேரம் கேமராவை அங்கேயே வைத்திருக்கிறார் என்று இப்போது புரியும். நகரத்திலும் இதே நிலைமைதான். தலைநகர் சாங்-ஆன் சுவர் சூழ்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட குடியிருப்புகளாகப் பிரிந்திருந்தது. மாலை முரசு அடித்ததும் குடியிருப்பு வாசல்கள் அடைபடும், அதற்கப்புறம் தெருவில் திரிந்தால் 20 பிரம்படி. நோய், பிரசவம், சாவு, அரசு வேலை இவற்றுக்கு மட்டும் விலக்கு. இரவில் நடக்கும் கொலையில் 'அவன் அந்த நேரம் எங்கே இருந்தான்' என்ற கேள்விக்கு இந்த முரசுதான் சாட்சி.

பெண் விசாரிக்க முடிந்திருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குப் பலரும் 'அதெல்லாம் கற்பனை' என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறார்கள். அது சரியில்லை. தாங் அரண்மனையின் உட்பகுதியைப் பெண்கள்தான் நிர்வகித்தார்கள். உடை, உணவு, சடங்கு, கைவேலை என்று பிரித்து ஆறு துறைகள், ஒவ்வொன்றிலும் பதவிப்படிகள். இவற்றுக்கு அப்பால் 'குங்ஜெங்' என்றொரு பதவி இருந்தது. அரண்மனைப் பெண்கள் விதி மீறினால் அதை விசாரித்துத் தண்டிப்பது அவர் பொறுப்பு. அவருக்குக் கீழே வேறு பெண் அதிகாரிகளும் இருந்தார்கள். ஆக, உள்ளே நடக்கும் குற்றத்தை ஒரு பெண் தோண்டுவது கதாசிரியர் வானத்திலிருந்து கொண்டுவந்ததில்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், சந்தேகம் ஒரு இளவரசர்மேலோ வெளியே உள்ள அமைச்சர்மேலோ விழும்போது. குங்ஜெங்கின் கை அங்கே எட்டாது. அங்கேதான் டாலி சி அதிகாரி கதைக்குள் வருகிறார். நாயகியும் அவரும் சேர்ந்து வேலை செய்வதைக் காதலுக்காகச் செய்த ஏற்பாடு என்று மட்டும் பார்க்காதீர்கள். அதிகாரியால் போக முடியாத இடத்துக்கு நாயகியும், நாயகியால் போக முடியாத இடத்துக்கு அதிகாரியும் போக வேண்டியிருக்கிறது.

குடும்பத்தை இழந்து பணிப்பெண்ணாக வருவதும் அப்படித்தான். ராஜதுரோகம் போன்ற குற்றத்தில் ஆண்கள் கொல்லப்பட்டால் வீட்டுப் பெண்களை அரண்மனை அடிமைகளாக எடுத்துக்கொள்வது வழக்கம். இதற்கு ஷாங்குவான் வான்அரைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம். 664-இல் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாத்தா கொல்லப்பட, தாயோடு அரண்மனை அடிமையானார். அங்கேயே படித்து வளர்ந்து, பேரரசி வூ ஸேதியனுக்கு அரசாணைகள் எழுதுபவராக உயர்ந்தார். 710-இல் ஒரு அரண்மனைக் கலகத்தில் கொல்லப்பட்டார். அவருடைய கல்லறையும் கல்வெட்டும் 2013-இல் ஷியான்யாங் அருகே கிடைத்தன. இந்தத் தொடர்களின் நாயகிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

பிணப் பரிசோதனையில் மட்டும் தொடர்கள் காலத்தைக் கலக்கின்றன. நாம் திரையில் பார்க்கும் நுணுக்கங்களில் பல, சோங் சி என்ற நீதிபதி 1247-இல் எழுதிய கையேட்டில் உள்ளவை. தீயில் வெந்தவர் வாயிலும் மூக்கிலும் சாம்பல் இருக்கிறதா என்று பார்ப்பது, சிவப்பு எண்ணெய்க் குடைக்கு அடியில் எலும்பைப் பிடித்து அடிபட்ட தடயம் தேடுவது, ஊரில் எல்லா அரிவாள்களையும் வெயிலில் வைத்து எதில் ஈ மொய்க்கிறது என்று கண்டுபிடிப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் தாங் ஆட்சி 907-இலேயே முடிந்துவிட்டது. நாயகிக்கு மூன்று நூற்றாண்டு முன்கூட்டியே அந்தக் கையேட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் குறையில்லை, தெரிந்து பார்த்தால் போதும். பிணத்தைத் தொட்டு அளப்பவரை 'வூஸுவோ' என்பார்கள். அது தாழ்வாகக் கருதப்பட்ட தொழில், ஆண்களுடையது. ஆனால் இறந்தவர் பெண் என்றால், சில சோதனைகளுக்கு மருத்துவச்சியை அழைக்க வேண்டும் என்று அந்தக் கையேடே சொல்கிறது. பிணப் பரிசோதனையில் பெண்ணுக்கு உண்மையிலேயே இருந்த இடம் அது.

வெள்ளி ஊசிக்கு வருவோம். கறுப்பது உண்மை, ஆனால் அது காட்டுவது விஷத்தை இல்லை, கந்தகத்தை. அன்று கிடைத்த ஆர்சனிக் பாஷாணத்தில் கந்தகக் கலப்பு இருந்ததால் வெள்ளி கறுத்தது. சுத்தமான பாஷாணத்தில் வெள்ளி அப்படியே இருக்கும். அவித்த முட்டையின் மஞ்சள் கருவில் குத்தினால் விஷமே இல்லாமல் கறுக்கும், வீட்டில் வெள்ளிக் கரண்டி இருந்தால் அம்மாவுக்குச் செய்து காட்டலாம். ஆகவே 'ஊசி கறுக்கவில்லை, விஷமில்லை' என்று யாராவது சீக்கிரம் முடித்துவைத்தால் அந்த ஆளைக் கவனியுங்கள். இரத்தத்தை எலும்பில் சொட்டவிட்டு உறவு பார்ப்பதும் அதே கையேட்டில் உள்ளது. இன்றைய அறிவியல்படி அதற்கு எந்த மதிப்பும் இல்லை.

அரண்மனை வைத்தியர் ஏன் எதையும் தெளிவாகச் சொல்வதில்லை என்று எரிச்சல் வந்திருக்கும். பேரரசருக்கான மருந்தைத் தவறுதலாக முறை மாற்றிக் கலந்தாலே வைத்தியருக்கு மரணம். பத்தியம் மீறிய உணவைச் சமைத்தால் சமையல் பொறுப்பாளருக்கும் அதே. அவர்கள் மழுப்புவது குற்றவாளி என்பதால் மட்டும் இல்லை, உயிர்பயம்.

சித்திரவதைக் காட்சிகள் நிறைய வரும். சட்டத்தில் அதற்கு எல்லை இருந்தது. மூன்று தடவைக்கு மேல் கூடாது, ஒவ்வொன்றுக்கும் இடையே 20 நாள், மொத்தம் 200 அடிக்குள். அப்படியும் ஒப்புக்கொள்ளாவிட்டால் பிணையில் விட்டுவிட்டு, புகார் கொடுத்தவனை அடித்து விசாரிக்கலாம். பொய்ப்புகார் என்று தெரிந்தால், எந்தக் குற்றத்தைச் சுமத்தினானோ அதன் தண்டனை அவனுக்கே. அதனால்தான் பாத்திரங்கள் புகார் எழுதக் கையெடுக்குமுன் அவ்வளவு தயங்குகிறார்கள். மொட்டைக் கடிதம் போட்டால் 2,000 லீ (பழைய சீனத் தூர அளவு) தூரத்துக்கு நாடுகடத்தல். கண்டெடுத்தவர் உடனே எரிக்க வேண்டும், அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் அவருக்கே 1 ஆண்டு கட்டாய உழைப்பு. நாயகி அப்படியொரு கடிதத்தைச் சட்டைக்குள் ஒளித்துவைத்தால், அந்த நொடியே அவளும் குற்றவாளிதான்.

உங்கள் தொடர் வூ ஸேதியன் காலத்தது என்றால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 686-இல் அவர் தலைநகரில் ஒரு வெண்கலப் பெட்டி வைத்தார். அதில் நான்கு வாய்கள், ஒன்று அநீதி முறையீட்டுக்கு. ஏழையின் முறையீடும் அதன் வழியே போக முடிந்தது, பொய்க் குற்றச்சாட்டும் வெள்ளமாகப் பாய்ந்தது.

நேரக்கணக்கு எளிது. ஒரு நாளுக்கு 12 பொழுது, ஒவ்வொன்றும் நம் 2 மணிநேரம். 'எலிப் பொழுது' இரவு 11 முதல் 1 வரை. மூன்றாம் காவல் என்றால் நடுராத்திரி.

மறுபடி முதல் எபிசோடிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு தாளில் பெயர்களை எழுதாமல் இடங்களை எழுதுங்கள்: உள் அரண்மனை, அலுவலகங்கள், ஊர். ஒவ்வொரு பாத்திரமும் எந்த வாசல்வரை போகலாம் என்று பக்கத்தில் குறியுங்கள். மூன்று எபிசோடுக்குள் ஆட்கள் தானாகவே மனதில் நிற்பார்கள்.

'யுவான்' என்ற ஒலியையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். 'யுவான்வாங்' என்று யாராவது கதறினால், 'இது அநியாயம், நான் குற்றமற்றவன்' என்று பொருள். சீன எழுத்தில் 'யுவான்' என்பது ஒரு மூடிக்கு அடியில் மாட்டிக்கொண்ட முயல். அது கேட்கும்போதெல்லாம் கதறுபவர் முகத்தை விட்டு, எதிரே நிற்பவர் யார், அவருக்கு அந்த மூடியைத் தூக்கும் அதிகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.