அந்தச் சமையலறைக்காகத்தான் அந்த ரிசார்ட்டா?

கேள்வி: அப்பா தவறி ஒரு வருடம் முடிந்துவிட்டது. 68 வயது அம்மா இந்த ஒரு வருடமாக வீட்டை விட்டு எங்குமே போகவில்லை. அவருக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று மே மாதம் ஏற்காட்டில் இரண்டு ராத்திரி தங்க நினைக்கிறோம். நான், தம்பி, தங்கை மூன்று குடும்பமும் அம்மாவும் சேர்த்து 11 பேர். இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, முப்பது வருடத்துக்கு மேல் பழசான கார்டன் ரிசார்ட். அறை 1,900 ரூபாய். தோட்டம் அருமை என்கிறார்கள். அறையில் ஈர வாசனை, சுடுதண்ணீர் காலையில் இரண்டு மணி நேரம்தான், குரங்குத் தொல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். இன்னொன்று புதுசு, எல்லா வசதியும் உண்டு, அறை 5,500. பழைய இடத்தில் கிச்சனோடு ஒரு காட்டேஜ் இருப்பதால் அம்மா சமைத்துவிடுவார், சாப்பாட்டுச் செலவும் மிச்சம். இப்போதே சாம்பார் பொடி அரைத்து டப்பாவில் போட்டு வைத்துவிட்டார். முட்டிவலி மட்டும் கொஞ்சம் உண்டு. எதை புக் செய்யலாம்?
வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, ஈர வாசனையையும் குரங்கையும் பிறகு பார்ப்போம். 'அம்மா சமைத்துவிடுவார்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. மாறுதல் யாருக்கு? வருடம் முழுக்கத் திருப்பூரில் அடுப்படியில் நின்றவரை, இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றிக்கொண்டு போய் இன்னொரு அடுப்படியில் நிறுத்தப் போகிறீர்கள்.

கணக்கை நீங்கள் ஆரம்பித்தீர்கள், நான் முடித்து வைக்கிறேன். முதல் நாள் மதியமும் ராத்திரியும், இரண்டாம் நாள் மூன்று வேளை, மூன்றாம் நாள் காலையும் மதியமும். ஏழு வேளை, 11 பேர், 77 சாப்பாடு. நடுவில் காபி, டீ, குழந்தைகளுக்குப் பால். ஏற்காடு கிட்டத்தட்ட 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாவிட்டால் பருப்பு வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். முன்பின் பழகாத அடுப்பு, யாரோ விட்டுப்போன பாத்திரம், வழுக்குகிற தரை. முட்டிவலிக்காரர் அங்கே நின்றுகொண்டிருப்பார். நீங்கள் எல்லோரும் ஏரியில் படகில் இருப்பீர்கள்.

'அம்மாவுக்குச் சமைக்கப் பிடிக்கும், சும்மா உட்காரமாட்டார்' என்று சொல்வீர்கள். இந்தப் பதிலை எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்டுவிட்டேன். சாம்பார் பொடியைக் கூட அதற்குச் சாட்சியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் அதை வேறு மாதிரி படிக்கிறேன். புருஷன் இருந்தவரை எங்கே போகலாம் என்பதில் அவருக்கும் ஒரு வார்த்தை இருந்திருக்கும். இப்போது பிள்ளைகள் கூட்டிக்கொண்டு போகிற இடத்துக்கு அவர் வருகிறார். தன்னால் செலவாகிறதே என்ற கூச்சம் அவருக்கு இருக்கும். அந்தக் கூச்சத்துக்கு ஈடாகத்தான் கையில் டப்பாவோடு கிளம்புகிறார். அவரை அப்படிக் கூச வைத்தது உங்கள் பேச்சில் எங்கோ இருக்கிறது. 'கிச்சன் இருக்கும்மா' என்று முதலில் சொன்னது யார்? யோசித்துப் பாருங்கள்.

பல வருடம் முன்பு நாங்களும் கொடைக்கானலில் ஒரு காட்டேஜ் எடுத்துத் தங்கினோம். மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் திண்டுக்கல்லிலிருந்தே தூக்கிக்கொண்டு போனோம். கோக்கர்ஸ் வாக், தூண் பாறை என்று சுற்றிவிட்டு வந்தால் சூடாக ரசமும் அப்பளமும் இருக்கும். ரொம்ப நாள் கழித்து ஆல்பத்தைப் புரட்டும்போது, தூண் பாறைப் படத்தில் விரலை வைத்து 'இது எந்த ஊரு?' என்று கேட்டார் என் அம்மா. அந்த மூன்று நாளும் அவர் எங்களோடுதான் இருந்தார்.

அம்மா வேண்டாம் என்றால் உங்கள் மனைவியும் தம்பி மனைவியும் பார்த்துக்கொள்வார்கள் என்று அடுத்த யோசனைக்குப் போய்விடாதீர்கள். மூன்று நாளைக்கு அந்தக் குடும்பத்தில் ஒரு பெண்ணும் கரண்டியைத் தொடக் கூடாது. ராத்திரி யாருக்காவது கஞ்சியோ வெந்நீரோ வேண்டுமென்றால் நீங்களும் தம்பியும் மாப்பிள்ளையும் எழுந்து வையுங்கள். பெற்றவளை உட்கார வைத்துப் பரிமாறுவது பிள்ளையின் கடமை. அதை நான் இந்தப் பகுதியில் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

இனி இடம். பழைய ரிசார்ட்டுக்கே போங்கள், ஆனால் அந்த காட்டேஜை விட்டுவிடுங்கள். நாலு அறை போதும். மூன்று குடும்பத்துக்கு மூன்று, அம்மாவுக்கும் பெரிய பேத்திக்கும் ஒன்று. இரண்டு ராத்திரிக்கு 15,200. அந்த 77 சாப்பாட்டுக்கும் தலைக்கு 200 ரூபாய் வைத்தால் 15,400. மொத்தம் 30,600. புதிய ரிசார்ட்டில் நாலு அறைக்கு வாடகை மட்டுமே 44,000. அம்மாவைச் சமைக்க விடாமலே உங்களுக்கு மிச்சம்தான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலே அவரை அடுப்படிக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்பதில்தான் எனக்குக் கோபம்.

பழையதைச் சொல்வதற்குக் காசு மட்டும் காரணமில்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்து நட்ட மலை ஏற்காடு. அந்தச் சேர்வராயன் மலையில் பழைய தோட்டம் என்றால் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், கீழே காபிச் செடி நிற்கும். முட்டிவலியோடு இருபது இடம் சுற்ற அவரால் முடியாது. ஒரு மரத்தடி, ஒரு நாற்காலி, பக்கத்தில் பேச மகள். அது அவருக்குப் போதும். முப்பது வருடம் வளர்ந்த மர நிழலைப் புது இடம் எங்கிருந்து கொண்டுவரும்?

குறைகளைப் படிக்கும்போது எந்த மாதத்தில் தங்கியவர் எழுதியது என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் பனிமூட்டமுமாக இருக்கும்போது அந்த மலையில் எந்தப் பழைய சுவரும் ஈரம் கோக்கும். ஏப்ரல், மே மாதத்தில் தங்கியவரும் அதே வாசனையைச் சொல்கிறார் என்றால் கூரை ஒழுகுகிறது, அல்லது குழாய் கசிகிறது என்று அர்த்தம். அப்படியானால் வேண்டாம், வேறு இடம் தேடுங்கள். மெத்தை நாற்றம் என்பது பெரும்பாலும் வாரம் முழுக்க அறையைப் பூட்டியே வைப்பதால் வருவது. இரண்டு நாள் முன்பே போன் போட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு மெத்தையை வெயிலில் போடச் சொல்லுங்கள். விரிப்பும் தலையணை உறையும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். சுடுதண்ணீருக்கு நேரம் வைத்திருப்பது பெரிய குறையில்லை, அம்மா எப்படியும் விடியற்காலையில் எழுந்துவிடுவார். குரங்குக்கு ஜன்னலைச் சாத்தி வைத்தால் சரி.

உண்மையில் நீங்கள் கேட்க வேண்டியதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அம்மாவின் அறை கீழ்த்தளமா? கார் நிற்கிற இடத்திலிருந்து அறை வரை எத்தனை படி? பழைய தோட்டத்துக் கல்படியில் பாசி பிடிக்கும், கைப்பிடியும் இருக்காது. கழிப்பறை வெஸ்டர்ன்தானா, பக்கத்தில் பிடித்து எழ ஏதாவது உண்டா? வாயால் சொன்னால் போதாது, அந்தக் குளியலறையையும் படிகளையும் இன்றைக்குப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குகிற இடத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். சாப்பாட்டை முதல் நாளே சொல்லி வைத்தால் செய்து தருவார்களா என்றும் கேளுங்கள்.

மே மாதத்தில் கோடை விழா வரும். அந்த நாட்களில் மலைப்பாதையே நகராது. தேதியை விசாரித்துக்கொண்டு, வார நாளாகப் பார்த்து வையுங்கள். கிளியூர் அருவிக்குப் படி இறங்கி ஏற வேண்டும், அம்மாவை அழைத்துப் போக வேண்டாம். லேடீஸ் சீட் என்கிற காட்சி முனைக்கு இருட்டுகிற நேரத்தில் கூட்டிப் போங்கள். சேலம் முழுக்கக் கீழே விளக்காகத் தெரியும். சேர்வராயன் கோயிலுக்கு காலையில் போகலாம். வளைவுகளில் அம்மாவுக்கு வாந்தி வரும் என்றால் முன் சீட்டு அவருக்குத்தான், உங்கள் பையனுக்கு இல்லை.

புக் செய்வதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன், அம்மாவிடம் எங்கே போக ஆசை என்று கேட்டதாக ஒரு வரி கூட இல்லை. இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள். 'உங்க இஷ்டம்டா' என்பார், விடாதீர்கள். அவர் ஏற்காடு வேண்டாம், பழநி போகலாம் என்று சொன்னால், இவ்வளவு நேரம் நான் எழுதியதை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, பழநியில் முதலில் விஞ்சுக்கு எவ்வளவு நேரம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும் என்று விசாரியுங்கள்.