குமரி மாவட்டத்தில் கலை நிகழ்ச்சி பார்க்க எங்கே போகலாம்?

கடற்கரையும் விவேகானந்தர் பாறையும் பார்த்தாயிற்று, இனி கலை சார்ந்து என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் முதல் தேர்வு வில்லுப்பாட்டு. இதற்கு அரங்கமோ டிக்கெட்டோ கிடையாது. சுடலைமாடன், இசக்கியம்மன் கோயில்களில் கொடை (கோயில் திருவிழா) நடக்கும்போது அந்தச் சாமியின் கதையையே விடிய விடியப் பாடுவார்கள். வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவைதான் கருவிகள். சாமி பிறந்த கதை, வெட்டுப்பட்ட கதை வரும்போது கூட்டத்தில் சிலருக்கு அருள் வந்துவிடும். மேடைக்காகச் சுருக்கிய நிகழ்ச்சியில் இது கிடைக்காது. கொடை தேதியை உள்ளூர்க்காரரிடம்தான் கேட்க வேண்டும், சுவரொட்டியும் கண்ணில் படும்.

நவராத்திரிக்கு முன்பு வந்தால் பத்மநாபபுரம் அரண்மனை போங்கள். சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூன்று சாமிகளும் இங்கிருந்துதான் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் கிளம்பும். அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. மரவேலைக்காகவே அரைநாள் ஒதுக்கலாம், திங்கள் விடுமுறை. கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகம் சின்னதுதான், ஆனால் வெள்ளிக்கிழமை போய் ஏமாறாதீர்கள். அப்புறம், திருவட்டாறு ஆதிகேசவர் கோயில் திருவிழாவில் கதகளியும் பார்க்கலாம்.