அக்டோபரில் லோஷின் தீவு: காற்றைப் பார்த்துத் தங்குமிடம் தேடுங்கள்

சூரிச் மாநிலத்தில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அக்டோபரில் பிள்ளைகளுக்கு இரண்டு வார இலையுதிர்கால விடுமுறை வருகிறது. பிள்ளைகளுக்கு ஐந்து வயதும் பதினொரு வயதும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் மாமியாரும் கூடவே வருகிறார். குரோவேசியாவின் லோஷின் தீவில், காட்டை ஒட்டிய விடுதி வளாகம் ஒன்றில் ஒரு வாரம் தங்க எண்ணுகிறார்கள். கோடை முடிந்தபின் அங்கே போவது வீண்செலவாகுமா, கடலில் இறங்க முடியுமா, மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்பவையே அவருடைய கேள்விகள்.

வீண்செலவாகாது. ஆனால் கோடைக்கால லோஷினை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். அக்டோபரில் அந்தத் தீவில் ஒவ்வொரு நாளையும் தீர்மானிப்பது காற்று. ஆகவே விடுதியின் படங்களையும் நீச்சல்குளத்தையும் பார்ப்பதற்கு முன், அது தீவின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்.

அட்ரியாட்டிக் கடலின் அந்தப் பகுதியில் இரண்டு காற்றுகளை எல்லோரும் பெயர் சொல்லியே பேசுவார்கள். ஒன்று பூரா. வடகிழக்கில் உள்ள மலைகளின் மேல் தேங்கிய குளிர்ந்த காற்று சரிவில் உருண்டு கடலின் மேல் விழுவதுதான் பூரா. வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும்போதே திடீரென வீசத் தொடங்கி, விட்டுவிட்டு அறையும். மற்றது யூகோ. தென்கிழக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான, ஈரமான காற்று இது; மெல்லத் தொடங்கி நாட்கணக்கில் நீடிக்கும், அலையை உயர்த்தும், மழையையும் கூட்டிக்கொண்டு வரும். அக்டோபரும் நவம்பரும் அந்தக் கரையில் மழை மிகுந்த மாதங்கள் என்பதால், ஒரு வாரம் தங்கினால் ஓரிரு யூகோ நாட்கள் அமைவதை இயல்பென்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வேலி லோஷின் என்ற அழகிய சிறுதுறை கிழக்குக் கரையில் இருக்கிறது. பூரா அங்கே நேரே வந்து விழும். மாலி லோஷின் ஊருக்குத் தென்மேற்கே இருக்கும் சிக்காட் குடாவையோ தீவின் உடலே மறைத்து நிற்கிறது. ஒரே நாளில் ஒரு பக்கத்தில் குடை பிடிக்க முடியாமலும், மறுபக்கத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு வெயிலில் உட்காரும்படியாகவும் இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சிறு பிள்ளையும் முதியவரும் உடன் வருவதால், உங்களுக்குச் சிக்காட் பக்கத்தையே பரிந்துரைக்கிறேன். அங்கிருந்து ஊருக்கு நடந்தே போய்வரலாம். கடலோரமாகச் செப்பனிட்ட நடைபாதை இருப்பதால் உங்கள் மாமியாரும் சிரமமின்றி நடப்பார்.

அந்த நடைபாதைக்கு மேலே நிற்கும் பைன் காடு தானாக வளர்ந்ததன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அந்த மேடுகள் பெரும்பாலும் மொட்டைப் பாறைகளாகவே இருந்தன. மாலி லோஷின் கடற்பயணப் பள்ளியின் ஆசிரியரும் தாவரவியலாளருமான அம்ப்ரோஸ் ஹராச்சிச் அங்கே ஆண்டுக்கணக்கில் வெப்பநிலையையும் காற்றையும் அளந்து பதிவுசெய்தார். 1880களில் தொடங்கி மரம் நடும் பணிக்கும் துணைநின்றார். 1892இல் ஆஸ்திரிய–ஹங்கேரிய அரசு மாலி லோஷினையும் வேலி லோஷினையும் உடல்நலத்துக்கு உகந்த தட்பவெப்ப ஊர்களாக அறிவித்தது. இன்று நாம் விடுமுறைக்குப் போய் உட்காரும் நிழல், அந்த ஆசிரியரின் பொறுமையில் விளைந்தது; பதினொரு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கதையைக் காட்டுக்குள் வைத்தே சொல்லுங்கள். மழை ஓய்ந்த காலையில் அங்கே நடந்தால் பிசின் வாசனை தொண்டைவரை இறங்கும். ஈரம்பட்ட பைன்காய்கள் செதில்களை இறுக மூடிக்கொள்ளும். அறைக்குக் கொண்டுவந்து வெப்பமூட்டி அருகே வைத்தால், காயக் காய ஒவ்வொரு செதிலாக மெல்லத் திறக்கும். என் மகள் ஐந்து வயதில் ஒரு மாலை முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அக்டோபர் முற்பாதியில் நீரின் வெப்பநிலை 20 பாகை அளவில் இருக்கும். சுவிஸ் ஏரிகளில் பழகிய பிள்ளைகளுக்கு நண்பகல் வெயிலில் கால்மணி நேரம் இறங்க அது போதும். கரை பெரும்பாலும் பாறையும் கூழாங்கல்லும் ஆனதால், கடல் முள்ளெலிகளை மிதித்துவிடாமல் இருக்க இரப்பர்க் காலணி அவசியம். மாத நடுவில் சூரியன் ஏழேகால் மணியளவில் உதித்து ஆறேகால் மணியளவில் மறைகிறது. எனவே வெளியில் செய்ய வேண்டியவற்றை முற்பகலுக்கே வைத்துக்கொள்வது நல்லது.

மழை நாளுக்கு ஒன்றைக் கட்டாயம் ஒதுக்கி வையுங்கள்: மாலி லோஷினில் உள்ள அப்பொக்ஸியோமெனோஸ் அருங்காட்சியகம். ஒரேயொரு சிலைக்காக 2016இல் திறக்கப்பட்டது அது. உடலில் ஒட்டிய எண்ணெயையும் புழுதியையும் வழித்தெடுக்கும் விளையாட்டு வீரனின் 192 செ.மீ. உயர வெண்கலச் சிலை, தீவுக்கு அருகே ஏறத்தாழ 45 மீட்டர் ஆழத்தில் பன்னெடுங்காலம் கிடந்து, 1999இல் மேலே கொண்டுவரப்பட்டது. சிலையைத் துப்புரவு செய்தபோது அதனுள்ளே பழங்கால எலிக்கூடு ஒன்றின் எச்சங்களும், எலி சேர்த்து வைத்த பழக்கொட்டைகளும் இருந்தன. சிலையின் அழகில் பெரியவர்கள் லயிப்பார்கள்; பிள்ளைகள் அந்த எலியைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். வேலி லோஷினில் ஓங்கில் (டால்பின்) ஆய்வாளர்கள் நடத்தும் கடல்சார் கல்வி மையமும் உண்டு. பருவம் முடிந்தபின் திறக்கும் நேரம் குறைவதால் முன்னரே கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.

வானம் தெளிந்த ஒரு நாளை அடுத்த தீவான ட்ஸ்ரெஸுக்குக் கொடுங்கள். இரு தீவுகளையும் பிரிப்பது ஓசோர் என்னுமிடத்தில் பழங்காலத்திலேயே மனிதர் வெட்டிய ஒடுங்கிய கால்வாய்தான். படகுகளுக்காக அதன் பாலம் விலகும் நேரத்தில் பிள்ளைகளோடு அங்கே நின்றால் போதும், வேறு வேடிக்கை வேண்டாம். ட்ஸ்ரெஸின் வடகோடியில் உள்ள பேலி ஊரில் கிரிஃபன் கழுகுகளுக்கான மீட்பு மையம் இருக்கிறது. பிணந்தின்னிக் கழுகுகளான இவை இங்கே கடலுக்கு மேலுள்ள செங்குத்துப் பாறைகளில் கூடு கட்டுகின்றன. பறக்கப் பழகும் குஞ்சு தவறினால் நீரில்தான் விழும். அப்படி விழுந்தவற்றை எடுத்துப் பேணி, மீண்டும் பறக்கவிடுகிறார்கள். லோஷினிலிருந்து பேலிக்குச் செல்லும் பாதை நீளமானது, கடைசிப் பகுதி மிகவும் ஒடுங்கியது. வாகனப் பயணம் மாமியாருக்கு ஒவ்வாது என்றால் அவரைச் சிக்காட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

விடுதியைப் பதிவு செய்யும் முன் மூன்று செய்திகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல விடுதிகள் அக்டோபர் நடுவிலிருந்து ஒவ்வொன்றாக மூடுகின்றன. திறந்திருக்கும் விடுதியிலும் உணவகமும் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளும் முன்னரே நின்றுபோயிருக்கலாம். ஆகவே நீங்கள் தங்கும் நாட்களில் எந்த உணவகம் இயங்கும், உள்ளரங்க நீச்சல்குளம் சூடாக்கப்படுமா, அறைக்கு வெப்பமூட்டி உண்டா என்று கேளுங்கள். விடுமுறையின் முதல் வாரத்தில் போவது இரண்டாம் வாரத்தைவிட நிச்சயமாக நல்லது. சமையலறை உள்ள வீட்டையோ மொபைல் ஹோமையோ எடுத்தால், நவராத்திரியோ புரட்டாசிச் சனியோ குறுக்கிட்டாலும் மரக்கறிச் சமையலுக்குத் தடையிராது. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூளை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். கணவாய் அங்கே இலையுதிர்காலத்தில்தான் நன்றாகப் பிடிபடும். காலையில் துறைமுகப் பக்கம் போனால் புதிதாகவே வாங்கலாம். 2023 முதல் குரோவேசியாவில் கடைகள் ஆண்டுக்கு 16 ஞாயிறுகளில் மட்டுமே பொதுவாகத் திறக்கலாம் என்ற சட்டம் இருப்பதால், ஞாயிறுக்கானதைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

பயண ஆவணங்களைப் பொறுத்தவரை, குரோவேசியா 2023 ஜனவரி 1 முதல், சுவிட்சர்லாந்தும் அடங்கிய ஷெங்கன் பகுதியில் சேர்ந்துவிட்டது. இத்தாலி, ஸ்லொவேனியா வழியே தரைவழியாகப் போகும்போது ஷெங்கனைவிட்டு நீங்கள் வெளியேறுவதில்லை. ஆகவே மாமியாரின் ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவுக்கானதாக இருந்தாலும், அதன் காலமும் தங்க அனுமதித்த நாட்களும் மீதமிருக்கும்வரை சிக்கலில்லை. இருந்தாலும் அந்த எல்லைகளில் இப்போதும் இடையிடையே சோதனை நடப்பதால், எல்லோருடைய கடவுச்சீட்டும் கையில் இருக்கட்டும். உங்கள் குடும்பத்தில் யாரேனும் சுவிஸ் எஃப் அனுமதியில் (தற்காலிகமாக ஏற்கப்பட்டவர்களுக்கானது) இருந்தால், அவர் பயணத்துக்கு முன்பே தனி அனுமதி பெற வேண்டும்; மாநிலக் குடிவரவு அலுவலகத்தைப் பல வாரங்களுக்கு முன்னரே அணுகுங்கள்.

சூரிச்சிலிருந்து வழி 800 கி.மீ.க்கும் மேல். ஒரே மூச்சில் ஓட்டாமல் வடஇத்தாலியில் ஓரிரவு தங்குங்கள். ரியேகா நகரைத் தாண்டி, 1980இல் கட்டிய பாலத்தின் வழியே கிர்க் தீவுக்குள் சென்று, வல்பிஸ்கா துறையில் வாகனத்தோடு கப்பலேறினால் அரைமணி நேரத்துக்குள் ட்ஸ்ரெஸில் இறங்கலாம். அங்கிருந்து லோஷின்வரை தரைவழிதான். பூரா கடுமையாகும்போது பாலத்தில் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவார்கள், கப்பலும் நிற்கும். ஒருமுறை திரும்பும் வழியில் ட்ஸ்ரெஸின் மெராக் துறையில் நாங்கள் ஐந்து மணி நேரம் காருக்குள்ளேயே காத்திருந்தோம். பள்ளி மறுநாளே தொடங்கவிருந்ததால் இரவு முழுவதும் ஓட்ட நேர்ந்தது. நீங்கள் ஞாயிறன்று புறப்படாதீர்கள். வெள்ளிக்கிழமை காலையிலேயே தீவைவிட்டுக் கிளம்பினால், காற்று ஒரு நாள் மறித்தாலும் திங்கட்கிழமைக்குள் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள்.