கிடா தாவுது, நீரும் வருது. பெட்டை ஏன் சினை பிடிக்கலை?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு 14 ஜமுனாபாரி இன ஆட்டுப் பெட்டைகளும் ஒரு கிடாவும் வளர்க்கிறேன். ஏழு வாரத்துக்கு முன் கிடாவுக்குக் குளம்பில் புண் வந்து, கடும் காய்ச்சலில் கிடந்தது. இப்போது நன்றாகத் தேறித் தாவுகிறது. ஆனால் தாவிய பெட்டைகள் எல்லாம் மூன்று வாரத்தில் திரும்பவும் பருவத்துக்கு வந்து கத்துகின்றன. விந்து நிறையவே வருவதால் கோளாறு பெட்டைகளிடம்தான் என்று நினைக்கிறேன். சத்து மருந்து கொடுக்கலாமா?

பதில்: வணக்கம் ஐயா. மருந்தை இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஒரு பெட்டை திரும்பினால் பெட்டையைப் பார்க்கலாம்; எல்லாமே திரும்பினால் முதலில் கிடாவைத்தான் பார்க்க வேண்டும்.

விந்து நிறைய வருவதை வைத்து நம்பிவிடாதீர்கள். அந்த நீரில் பெரும்பகுதி விரையில் ஊறுவதில்லை. விந்தணு விரையில் உருவாகி, அதை ஒட்டியிருக்கும் சுருள்குழாயில் முதிர்ந்து காத்திருக்கும். நீரைக் கொடுப்பவை உள்ளே மூத்திரக் குழாயை ஒட்டியிருக்கும் துணைச் சுரப்பிகள். இவற்றில் முக்கியமானது விந்துப்பை. ஆடு மாடுகளில் நீரின் பெரும்பங்கு இதிலிருந்துதான் வருகிறது. விந்தணு நீந்துவதற்கு வேண்டிய ஃபிரக்டோஸ் சர்க்கரையையும் இதுவே தருகிறது. புரோஸ்டேட் சுரப்பி காளையில் தனி உருண்டையாகவும் தெரியும். ஆட்டுக் கிடாவில் குழாயின் சுவருக்குள்ளேயே பரவிக் கிடக்கும். கடைசியில் இருப்பது கௌப்பர் சுரப்பி. தாவுவதற்கு முன் காளைக்குச் சொட்டுச் சொட்டாக ஒழுகுமே, அது பெரும்பாலும் இதன் நீர்தான். குழாயில் தங்கிய மூத்திரத்தைக் கழுவிவிடும். ஆட்டில் இந்தச் சுரப்பியின் நொதி முட்டை மஞ்சள் கருவோடு சேர்ந்தால் விந்தணுவுக்குக் கெடுதல். அதனால்தான் மஞ்சள் கரு கலந்து கிடாவின் விந்தை உறைய வைப்பவர்கள், பல இடங்களில் முதலில் அந்த நீரைப் பிரித்து எடுத்துவிடுகிறார்கள்.

ஆண் பன்றி ஒரு தடவைக்குக் கால் லிட்டர் வரை விடும். அத்தனையும் விந்தணு இல்லை, சுரப்பி நீர்தான் அதிகம். கிடா விடுவது சுமார் 1 மில்லி லிட்டர். ஆனால் நல்ல கிடாவின் அந்த ஒரு மில்லியில் 200 முதல் 400 கோடி விந்தணு இருக்கும். அதனால்தான் அது பாலாடை மாதிரி கெட்டியாக இருக்கும். அளவு குறையாமல் தண்ணியாக வந்தால், சுரப்பிகள் வேலை செய்கின்றன, விரையில் விந்தணு சரியாக உருவாகவில்லை என்று பொருள்.

காய்ச்சல் இங்கேதான் வருகிறது. விரையில் இரண்டு வேலை நடக்கிறது. விந்தணு உருவாகும் இழைகள் சூடு தாங்காதவை. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் அந்தச் சூட்டை ஓரளவு தாங்கிவிடும். வேகம், கிடா வாடை, சுரப்பி நீர் மூன்றும் டெஸ்டோஸ்டிரோனை நம்பியிருப்பவை. காயடித்தால் இந்தச் சுரப்பிகளும் சுருங்கிப்போவது அதனால்தான். ஆகவே காய்ச்சல் கண்ட கிடா வெளியே முழு ஆண்மையோடு தெரிந்தும், விந்தணு இல்லாமல் இருக்கலாம். புதிய விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறக்குறைய இரண்டு மாதம் பிடிக்கும். உங்கள் கணக்கு ஏழு வாரம். எனக்கு இது பொருந்தித் தெரிகிறது.

மாவட்டக் கால்நடை இலாகாவில் சொல்லி, கிடாவின் விந்தைக் குழாயில் பிடித்து உடனே நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். பெட்டையின் பின்னால் ஒழுகுவதைப் பார்த்து முடிவெடுக்க முடியாது, அதில் பெட்டையின் நீரும் கலந்திருக்கும். இரு விரைகளையும் நீங்களே தடவிப் பாருங்கள்: சமமாக, இறுக்கமாக இருக்க வேண்டும். ஒன்று சிறுத்தோ, கல் போலவோ, தொளதொளவென்றோ இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

விந்தில் சீழ்த் துணுக்கோ இரத்தமோ தெரிந்தால் சுரப்பியில் அழற்சி இருக்கலாம். அப்போது கிடாவைப் பெட்டைகளிடமிருந்து பிரித்துக் கட்டுங்கள். எப்படியும் புருசெல்லா என்ற நோய்க்கிருமிக்கான இரத்தப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். அது விரையிலும் சுரப்பியிலும் தங்கும், பெட்டைக்குக் கருச்சிதைவு தரும், மனிதருக்கும் தொற்றும். பினாங்கில் 2011 வாக்கில் ஆட்டுப் பச்சைப்பால் குடித்த பலர் இந்த நோயில் படுத்தார்கள். முடிவு வரும்வரை பாலைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். குட்டி போட்ட இடத்தைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

தகரக் கொட்டகையாக இருந்தால் கூரைமேல் செம்பனை மட்டை பரப்புங்கள். மதியத்தில் கிடா நிழலில் நிற்கட்டும். இதற்கிடையில் பரிசோதித்த வேறு கிடா கிடைத்தால் பெட்டைகளுக்கு விடுங்கள். உங்கள் கிடாவுக்கு இன்னும் ஐந்தாறு வாரம் கொடுத்து மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். அப்போதும் விந்து தண்ணியாகவே இருந்தால், வேகத்தைப் பார்த்து மனம் இரங்காமல் கிடாவை மாற்றிவிடுங்கள்.